முதல் இதழே இல்லாத திகில் இதழ்

'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' என்ற அமெரிக்கத் திகில் காமிக்ஸின் முதல் இதழைத் தேடி அலைந்தால் கிடைக்காது. அப்படி ஒன்று அச்சாகவே இல்லை. 1950 அக்டோபர்-நவம்பரில்தான் அந்தப் பெயர் முதன்முதலாக அட்டையில் வந்தது. அந்த இதழின் எண் 20. அதற்கு முந்தைய மூன்று இதழ்கள், 17 முதல் 19 வரை, 'தி கிரிப்ட் ஆஃப் டெரர்' என்ற பெயரில் வந்தவை. அதற்கும் முன்னால் அது 'கிரைம் பெட்ரோல்' என்ற போலீஸ் கதை இதழ்.

எல்லாம் தபால் செலவுக்காகத்தான். இதழ்களைச் சலுகைக் கட்டணத்தில் அனுப்பத் தபால் துறையிடம் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். புது இதழ் தொடங்கினால் மறுபடியும் பணம். அதனால் பழைய இதழின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு எண்ணை அப்படியே தொடர்வார்கள். இதே நிறுவனத்தின் 'தி ஹாண்ட் ஆஃப் ஃபியர்' ஒரு கௌபாய் இதழின் எண்ணைப் பிடித்துக்கொண்டு 15, 16, 17 என்று போனது. தபால்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். விளைவு, அந்தப் பெயரில் நான்காவது என்பதால் 17க்கு அடுத்து வந்தது 4ஆம் இதழ்! சேகரிப்பாளர்களுக்கு இன்றைக்கும் தலைவலி.

கிரிப்ட் என்றால் தேவாலயத்துக்கு அடியில் சவப்பெட்டிகள் வைக்கும் நிலவறை. வாசகன் அதற்குள் படியிறங்கிப் போகிறான். கீழே ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். தலைமுடி சடையாகத் தொங்குகிறது, பற்கள் பாதி இல்லை, வாயில் ஒரு இளிப்பு. 'ஹே ஹே' என்று சிரித்துவிட்டுக் கதையைத் தொடங்குகிறார். அவர்தான் கிரிப்ட் கீப்பர், நிலவறைக் காவலர். இந்த இதழ்களின் மேல் எனக்கிருக்கும் பிரியத்துக்குப் பாதிக்கு மேல் இந்தக் கிழவரின் குரல்தான் காரணம். அந்த இதழ்கள் செத்ததற்கும் அந்தக் குரலுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது என் எண்ணம்.

வெளியிட்டது ஈசி (EC) காமிக்ஸ். ஈசியின் முதலெழுத்து முதலில் 'எஜுகேஷனல்' என்ற சொல்லைக் குறித்தது. மேக்ஸ் கெயின்ஸ் என்பவர் பைபிள் கதைகளையும் சரித்திரத்தையும் படக்கதையாகப் போட்ட நிறுவனம் அது. 1947 ஆகஸ்டில் லேக் பிளாசிட் ஏரியில் நடந்த படகு விபத்தில் அவர் இறந்துபோனார். வேதியியல் வாத்தியார் ஆகலாம் என்று நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அவர் மகன் வில்லியமின் தலையில் கம்பெனி விழுந்தது. அவருக்கு அப்போது 25 வயது. தொழிலில் அப்பாவோடு ஒட்டாமலே இருந்தவர். ஆனால் 1948இல் ஆல் ஃபெல்ட்ஸ்டைன் என்ற ஓவியர் வேலைக்கு வந்து சேர்ந்ததும் ஆட்டம் மாறியது. இருவருமே சின்ன வயதில் ராத்திரி ரேடியோவில் பேய் நாடகம் கேட்டு வளர்ந்தவர்கள். 1930களில் 'தி விட்ச்ஸ் டேல்' என்ற ரேடியோத் தொடரில் நான்சி என்ற சூனியக்கிழவி தன் கறுப்புப் பூனையோடு வந்து கதை சொல்லுவாள். அதையே காமிக்ஸில் செய்தால் என்ன? 'கிரைம் பெட்ரோல்' 15ஆம் இதழில் நிலவறைக் காவலரைக் கொண்டுவந்து சோதித்துப் பார்த்தார்கள். எடுபட்டது. 'எஜுகேஷனல்' ஏற்கெனவே 'என்டர்டெய்னிங்' ஆகியிருந்தது.

1950இல் மூன்று இதழ்கள், மூன்று கதைசொல்லிகள். 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' நிலவறைக் காவலருடையது. 'தி வால்ட் ஆஃப் ஹாரர்' இதழில் முக்காடு போட்ட வால்ட் கீப்பர். 'தி ஹாண்ட் ஆஃப் ஃபியர்' ஒற்றைக் கண் பிதுங்கி நிற்கும் சூனியக்கிழவியின் ராஜ்ஜியம். ஒவ்வொன்றும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இதழுக்கு நான்கு கதை, விலை 10 சென்ட். ஒருவர் இதழில் மற்ற இருவரும் வந்து ஒரு கதை சொல்லிவிட்டுப் போவார்கள். போகிற போக்கில் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவார்கள். வாசகர் கடிதப் பக்கத்திலும் இந்தச் சண்டை தொடரும்.

பிணம் கதை சொல்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை. முருங்கை மரத்து வேதாளம் அதைத்தான் செய்தது. ஆனால் வேதாளம் பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்று மிரட்டும். இந்தக் கிழவர் செய்வதெல்லாம் சிலேடை. மகா மட்டமான சிலேடை. 'ஃப்ரெண்ட்ஸ்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஃபீண்ட்ஸ்' என்பார், அதாவது 'பிசாசுகளே'. கதைத் தலைப்புகளுக்கும் இதே வியாதி. சூனியக்கிழவியின் கதை ஒன்றுக்குப் பெயர் 'ஹாரர் வீ? ஹௌஸ் பாயூ?' வாய்விட்டுப் படித்தால் 'நாங்க சௌக்கியம், நீங்க சௌக்கியமா' என்று நலம் விசாரிப்பது போலக் கேட்கும். ஹாரர் என்றால் திகில், பாயூ என்றால் லூசியானா பக்கத்துச் சதுப்புநிலம். கதையின் சாமான் மொத்தமும் தலைப்பிலேயே இருக்கிறது. உள்ளே என்ன கோரம் நடந்தாலும், முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும் ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். படிக்கிற பையனுக்கு இது விளையாட்டு என்று அந்தச் சிரிப்பு சொல்லிவிடும்.

கதைகள் தயாரான விதமே ஒரு கதை. வில்லியம் கெயின்ஸ் உடம்பைக் குறைக்க மாத்திரை சாப்பிட்டார். அது தூக்கத்தைக் கெடுத்தது. ராத்திரி முழுக்கச் சிறுகதைகளாகப் படித்துத் தள்ளி, காலையில் ஒரு கத்தைக் குறிப்போடு ஆபீசுக்கு வருவார். ஃபெல்ட்ஸ்டைனிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பார். ஒன்று பிடித்துவிட்டால் ஃபெல்ட்ஸ்டைன் அன்றைக்கே எழுதி முடிப்பார். வாரத்துக்கு நான்கு கதை. எழுதுவது என்றால் தனிக் காகிதத்தில் இல்லை, ஓவியர் வரையப்போகும் அட்டையிலேயே. பொறியாளர்கள் வரைபடத்தில் எழுத்து எழுதப் பயன்படுத்தும் லெராய் கருவியால் எழுத்தைப் போட்டு முடித்த பிறகுதான் அட்டை ஓவியரிடம் போகும். மிச்சம் இருக்கிற இடத்தில்தான் அவர் படம் போட வேண்டும். அதனால் பக்கத்தில் பாதியை எழுத்தே அடைத்துக்கொள்ளும். படத்தில் கதவு திறக்கிறது. மேலே எழுத்தும் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது என்று நான்கு வரி பேசும். இது குறைதான். ஆனால் அந்த எழுத்தைக் கிழவரின் குரலில் மனதுக்குள் வாசிக்கப் பழகிவிட்டால் ரேடியோ நாடகத்துக்குப் படம் போட்டது மாதிரி இருக்கும்.

இரவல் வாங்கியதில் ஒருமுறை மாட்டிக்கொண்டார்கள். ரே பிராட்பரியின் இரண்டு சிறுகதைகளை இணைத்து, சொல்லாமல் கொள்ளாமல், தங்கள் அறிவியல் புனைவு இதழ் ஒன்றில் போட்டுவிட்டார்கள். அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பவில்லை. என் இரண்டு கதைகளுக்கான 50 டாலர் காசோலை இன்னும் வரவில்லையே, வேலை மும்முரத்தில் மறந்திருப்பீர்கள் என்ற தொனியில் மிகவும் பணிவாக ஒரு கடிதம் எழுதினார். கெயின்ஸ் உடனே பணம் அனுப்பினார். அதற்குப் பிறகு பிராட்பரியின் கதைகள் அவர் பெயரோடும் அனுமதியோடும் ஈசி இதழ்களில் வர ஆரம்பித்தன. திருட்டைப் பிடித்த விதங்களில் இதைவிட நாகரிகமானதை நான் பார்த்ததில்லை.

ஓவியர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓவியர் பெயரே தெரியாமல் காமிக்ஸ் வந்துகொண்டிருந்த காலத்தில் ஈசி அவர்களைக் கையெழுத்துப் போட விட்டது, அவர்கள் வாழ்க்கைக் குறிப்பைப் படத்தோடு வெளியிட்டது. நிலவறைக் காவலரை நாம் இன்றைக்கு அறிந்த உருவில் வரைந்தவர் ஜார்ஜியாக்காரரான ஜாக் டேவிஸ். அசுர வேகம். மனிதர்களுக்குப் பெரிய பெரிய பாதம், கசங்கிய சட்டை. அவர் வரையும் பிணத்திலும் ஒரு கேலிச்சித்திரம் ஒளிந்திருக்கும். வால்ட் கீப்பரின் ஆள் ஜானி கிரெய்க் நேர் எதிர். கோடுகள் துடைத்து வைத்தது போலச் சுத்தம், மனிதர்கள் விளம்பரப் படத்தில் வருகிறவர்கள் மாதிரி அழகு. தன் கதைகளைத் தானே எழுதிக்கொள்வார், எல்லோரையும்விட மெதுவாக வரைவார். சூனியக்கிழவியை வரைந்த கிரஹாம் இங்கல்ஸ் 'காஸ்ட்லி' (Ghastly) என்று கையெழுத்திடுவார், கோரமானவன் என்று பொருள். அவர் பக்கங்களில் எல்லாமே உருகும். சுவர், மரம், முகம், வாயிலிருந்து நூலாகத் தொங்கும் எச்சில். என் ஓட்டு இங்கல்ஸுக்குத்தான். சொந்த வாழ்க்கையில் அவர் கூச்ச சுபாவம் உள்ள மனிதர். பின்னாளில் ஃபுளோரிடாவுக்குப் போய் ஓவியம் கற்றுக்கொடுத்துக்கொண்டு, இந்தக் காலத்தைப் பற்றிப் பேசவே விரும்பாமல் நெடுநாள் ஒதுங்கி இருந்தார். வண்ணம் தீட்டிய மேரி செவரின், ரொம்பக் கோரமான கட்டம் வந்தால் முழுவதையும் ஒரே நிறத்தில் மூழ்கடித்துவிடுவார். குடல் சரிந்து கிடந்தாலும் எல்லாம் ஒரே நீலம்.

'உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும்', அவ்வளவுதான் இந்தக் கதைகளின் சட்டம். புருஷன் பெண்டாட்டியைக் கொல்கிறான், பங்காளி பங்காளியை ஏமாற்றுகிறான், போலீஸ் கோட்டை விடுகிறது. அப்புறம் புதைத்தவர் எழுந்து, சேறு சொட்டச் சொட்ட நடந்து வந்து கணக்கை நேர் செய்கிறார். பத்துக் கதை படித்தால் பதினோராவதன் முடிவை ஊகித்துவிடலாம். பணத்தாசை பிடித்த மனைவியும் துரோகம் செய்யும் கணவனும் இத்தனை முறை வருவது இன்று வாசிக்கும்போது அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்றாக அமைந்துவிட்ட கதைகள் அலுக்கவில்லை. 'பொயட்டிக் ஜஸ்டிஸ்' என்ற இங்கல்ஸின் கதையில் நாயும் குழந்தைகளும் மட்டுமே சொந்தம் என்று வாழும் ஏழைக் கிழவரை, தெருவின் அழகைக் கெடுக்கிறார் என்று பணக்கார அப்பனும் மகனும் விரட்டப் பார்க்கிறார்கள். காதலர் தினத்தன்று ஊரார் பெயரில் வசைப் பாட்டுகளாக எழுதி அனுப்புகிறார்கள். கிழவர் தூக்கில் தொங்கிவிடுகிறார். அடுத்த ஆண்டு அதே நாளில் அந்த வீட்டுக்கும் ஒரு பாட்டு வருகிறது. சுற்றியிருந்த காகிதத்துக்குள் ஓர் இதயம், நிஜ இதயம். 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' என்ற பெயரிலேயே 1972இல் வெளிவந்த பிரிட்டிஷ் படத்தில் இந்தக் கிழவராகப் பீட்டர் குஷிங் நடித்தார். படப்பிடிப்பின்போது அவர் மனைவியை இழந்து ஓராண்டுகூட ஆகவில்லை. படத்திலும் இறந்துபோன மனைவியின் புகைப்படத்தோடு பேசுவார். திகில் படத்தில் அழ வைத்த காட்சி அது.

கிரெய்க்கின் கிறிஸ்துமஸ் கதை இன்னொரு ரகம். பெண் ஒருத்தி கிறிஸ்துமஸ் இரவில் கணவனைக் கொன்றுவிடுகிறாள். பைத்தியக்கார விடுதியிலிருந்து தப்பிய கொலைகாரன் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் திரிகிறான் என்று ரேடியோ சொல்கிறது. அவன் அவள் வீட்டைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறான். போலீசைக் கூப்பிடலாம் என்றால் கூடத்தில் கணவனின் பிணம். கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து முடித்த நேரத்தில், தாத்தா வந்துட்டார் என்று குதித்துக்கொண்டே அவள் குட்டி மகள் அவனைக் கைபிடித்து உள்ளே கூட்டி வருகிறாள். இதில் பேய் இல்லை, எழுந்து வரும் பிணம் இல்லை. முடிச்சு மட்டும்தான். 1972 படத்திலும் இது இருக்கிறது, 1989இல் எச்பிஓ தொடங்கிய தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்திலும் இருக்கிறது. அந்தத் தொடரில்தான் நிலவறைக் காவலர் ரப்பர் பொம்மையாகி, ஜான் கசிரின் கீச்சுக் குரலில் உலகம் சுற்றினார். 93 பகுதிகள். 'பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்' என்பதற்குப் பதில் 'பாயில்ஸ் அண்ட் கூல்ஸ்', கொப்புளங்களே, பிணந்தின்னிகளே! சிலேடை துளியும் முன்னேறவில்லை, நல்லவேளை.

வரம்பு மீறிய கதைகளும் உண்டு. டேவிஸ் வரைந்த 'ஃபவுல் பிளே' ஒரு பேஸ்பால் கதை. காலணி முள்ளில் விஷம் தடவி எதிரணி ஆளைக் கொன்றவனை, செத்தவனின் அணிக்காரர்கள் நள்ளிரவில் மைதானத்துக்கு அழைக்கிறார்கள். கடைசிக் கட்டங்களில் ஆட்டம் நடக்கிறது: பந்து அவன் தலை, மட்டை அவன் கால், எல்லைக்கோடு அவன் குடல். எனக்கே அது கொஞ்சம் அதிகப்படி என்றுதான் தோன்றியது. மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் 1954இல் வெளியிட்ட 'செடக்ஷன் ஆஃப் தி இன்னொசென்ட்' நூலில் எடுத்துப் போட்ட படங்களில் இதுவும் ஒன்று. சிறுவர் குற்றங்களுக்குக் காமிக்ஸே காரணம் என்பது அந்த நூலின் வாதம்.

வெர்தாமை ஒரேயடியாக வில்லனாக்குவது காமிக்ஸ் ரசிகர்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு முழுக்க இல்லை. கறுப்பின மக்களுக்கு மனநல மருத்துவம் எட்டாக்கனியாக இருந்த காலத்தில், 1946இல், ஹார்லமில் 25 சென்ட் கட்டணத்தில் லஃபார்க் கிளினிக்கைத் தொடங்கியவர் அவர். அது நடந்தது ஒரு தேவாலயத்தின் நிலவறையில்! ஆனால் காமிக்ஸ் விஷயத்தில் அவர் நேர்மையாக இல்லை. அவர் விட்டுச்சென்ற காகிதங்களை ஆராய்ந்த கரோல் டில்லி, நூலில் வரும் சிறுவர்களின் வாக்குமூலங்கள் பல திரிக்கப்பட்டவை, ஒட்டிச் சேர்க்கப்பட்டவை என்று 2012இல் ஆதாரத்தோடு காட்டினார்.

1954 ஏப்ரல் 21 அன்று நியூயார்க் நீதிமன்றக் கட்டடம் ஒன்றில் செனட் துணைக்குழு காமிக்ஸைப் பற்றிய விசாரணையைத் தொடங்கியது. யாரும் கூப்பிடாமல் தானாகவே சாட்சி சொல்லப் போனவர் கெயின்ஸ். வெர்தாமுக்குப் பிறகு, பிற்பகலில் அவர் முறை வந்தது. அமெரிக்காவில் திகில் காமிக்ஸைத் தொடங்கியவன் நானே என்று மார்தட்டினார். அதுவே கொஞ்சம் மிகை, 1940களின் கடைசியில் வேறு சிலர் அதைத் தொட்டிருந்தார்கள். காலையில் போட்ட மாத்திரையின் வேகம் அதற்குள் இறங்கிவிட்டது என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார்.

செனட்டர் எஸ்டெஸ் கெஃபாவர் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். அது 'கிரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்' 22ஆம் இதழ், கிரெய்க் வரைந்தது: ஒரு கையில் ரத்தக் கோடாரி, மறு கையில் வெட்டப்பட்ட பெண்ணின் தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டார். திகில் காமிக்ஸ் அட்டைக்கு இது நல்ல ரசனைதான் என்றார் கெயின்ஸ். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தலையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவது தெரிந்திருந்தால்தான் மோசமான ரசனை என்று விளக்கமும் கொடுத்தார். அவர் சொன்னது உண்மை. கிரெய்க் முதலில் வரைந்து வந்த படம் இதைவிடக் கோரம், அதைக் குறைக்கச் சொன்னதே கெயின்ஸ்தான். ஒரு பத்திரிகை ஆசிரியரின் நேர்மையான பதில் அது. ஆனால் கேட்டவர்கள் காதில் விழுந்தது நிலவறைக் கிழவரின் 'ஹே ஹே'. இதழுக்குள் படிகளில் இறங்கிப் போகிறவனுக்கு அந்தக் குரல் விளையாட்டு. செனட் மேசைக்கு முன்னால் அது ஒப்புதல் வாக்குமூலம். மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் செய்தி வந்தது.

அதன் பிறகு எல்லாம் சரிவுதான். கடைக்காரர்கள் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். பதிப்பாளர்கள் தாங்களே சங்கம் அமைத்து நடத்தை விதிகள் எழுதிக்கொண்டார்கள். தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் வரக் கூடாது. நடக்கும் பிணம், ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் எதுவும் கூடாது. ஈசியை மனதில் வைத்தே எழுதினார்களோ என்று சந்தேகம் வரும் பட்டியல். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இதே பீதி. அதே ஆண்டு செப்டம்பரில் கிளாஸ்கோவில் இரும்புப் பல் காட்டேரியைத் தேடி நூற்றுக்கணக்கான சிறுவர்கள் ஒரு கல்லறைத் தோட்டத்தை முற்றுகையிட்டார்கள். பழி அமெரிக்கக் காமிக்ஸ் மேல் விழுந்தது. உள்ளூர்ப் பழம்பாட்டிலேயே இரும்புப் பல்காரி ஒருத்தி இருந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. 1955இல் பிரிட்டன் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது.

கெயின்ஸ் தப்பித்தது வேறு வழியில். ஹார்வி கர்ட்ஸ்மன் 1952இல் தொடங்கிய நையாண்டிக் காமிக்ஸான 'மேட்' 1955இல் பத்திரிகை வடிவத்துக்கு மாறியது. பத்திரிகைக்கு அந்த விதிகள் கிடையாது. பிறகு ஃபெல்ட்ஸ்டைன் அதற்கு ஆசிரியராகி ஏறக்குறைய 30 ஆண்டுகள் நடத்தினார், டேவிஸும் அங்கே வரைந்தார். சிரிக்கும் குரலுக்கு நிலவறையைவிட வசதியான வீடு. இன்னொரு நல்ல காரியமும் கெயின்ஸ் செய்திருந்தார். அச்சானதும் ஓவியங்களைத் தூக்கிப் போடுவதுதான் அன்றைய வழக்கம். அவரோ ஏறக்குறைய எல்லா மூலப் பக்கங்களையும் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார். பின்னாளில் வந்த தடித்த மறுபதிப்புத் தொகுப்புகள் அந்தப் பக்கங்களிலிருந்து எடுத்தவை. நான் படித்ததும் அவற்றில்தான். இங்கல்ஸின் எச்சில் நூல் ஒவ்வொன்றும் கறுப்பு வெள்ளையில் துல்லியமாகத் தெரியும்.

1954 செப்டம்பரில் திகில் இதழ்களை நிறுத்துவதாகக் கெயின்ஸ் அறிவித்தபோது நான்காவதாக ஒரு திகில் இதழ் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பெயர் 'தி கிரிப்ட் ஆஃப் டெரர்', அந்தப் பழைய பெயரேதான். இந்த முறை யாருடைய எண்ணையும் இரவல் வாங்காமல், முறைப்படி எண் 1 போட்டு வந்திருக்க வேண்டியது. அந்தப் பக்கங்களை என்ன செய்வது? 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' 46 என்று எண்ணை மாற்றி, உள்ளே ஓர் இரங்கல் குறிப்பையும் சேர்த்து 1955 பிப்ரவரி-மார்ச் இதழாக வெளியிட்டார்கள். அட்டையில் டேவிஸின் ஓநாய் மனிதன். உள்ளே 'பிளைண்ட் ஆலீஸ்' (முட்டுச்சந்துகள்) என்று ஒரு கதை: பார்வையற்றோர் விடுதியில் கூழும் குளிருமாக வதைத்த நிர்வாகியை அங்கிருப்பவர்களே சுவர் முழுக்கச் சவரக்கத்தி பதித்த சந்தில் விட்டு, பட்டினி போட்ட அவருடைய நாயையும் பின்னால் அவிழ்த்துவிடுகிறார்கள். கடைசியில் விளக்கையும் அணைத்துவிடுகிறார்கள்.